புரிதல் இருபாலதே
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஆட்டிசம் உடையோருக்குப் பிறர் மனம் அறியும் ஆற்றல் குறைவு என்றே நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். அறிஞரும் அவ்வாறே எழுதினர். 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சமூகவியலறிஞர் டேமியன் மில்ட்டன் இதனை மறுத்தார். அவரும் ஆட்டிசம் உடையவரே. இருவர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லையெனில், குறையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துதல் எங்ஙனம் முறையாகும் என்பது அவர் வினா.

இவ்வினா நமக்குப் புதிதன்று. ஊரை விட்டு இந்நகருக்கு வந்த புதிதில் நம் பேச்சு கடைக்காரருக்கு விளங்கவில்லை. அவர் பேச்சு நமக்கு விளங்கவில்லை. ஆயினும் 'பாஷை தெரியாத மதராஸி' என்ற பட்டம் நமக்கே கிடைத்தது. தமிழறியாதவர் என்று கடைக்காரரை எவரும் இகழ்ந்ததில்லை! பெரும்பான்மையோர் பக்கம் இருப்பதில் இப்படியொரு வசதி உண்டு.

2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆட்டிசம் உடையோரும் இல்லாதோரும் பேசிய பேச்சுகளின் சிறு துணுக்குகளைப் பிறரிடம் தந்து, இவரோடு பழக விருப்பமா என்று வினவினர். குரலைக் கேட்டோரும் முகத்தைக் கண்டோரும் சில விநாடிகளிலேயே ஆட்டிசம் உடையோரைக் குறைத்து மதிப்பிட்டனர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவரிடமோ அவ்வேற்றுமை காணப்படவில்லை. சொன்ன பொருளில் குறையில்லை. சொன்ன விதம் நம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததே போதுமானதாயிற்று.

நம் காலனியில் நடப்பதும் இதுதானே? முகம் பார்த்துப் பேசாத பையனை 'மரியாதை தெரியாதவன்' என்கிறோம். பிறர் கண்ணை நோக்குவது இவர்களுள் பலருக்குத் துன்பம் தருவது. எங்கோ பார்த்தவாறே நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "நாளைக்கு வருகிறேன்" என்று நாம் பேச்சுக்குச் சொன்னதை மெய்யென நம்பி வாசலில் காத்திருப்பான் அப்பையன். வார்த்தை தவறியவர் யார்? ஒலிபெருக்கியின் ஓசை தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாலோ, "வளர்ப்புச் சரியில்லை" என்று தாயின் செவியில் விழும்படி சொல்கிறோம். அப்பால் அக்குடும்பம் சங்கத்துக்கு வருவதே இல்லை.

அவர்கள் மீண்டும் வருதற்கு வேண்டுவன செலவுடையவை அல்ல. தொடுமுன் கேட்டல், கருதியதை நேராகச் சொல்லல், விடைக்குப் பொறுத்திருத்தல், நிகழ்ச்சிநிரலை முன்னரே தந்து அதன்படி நடத்தல். (கடைசியாகச் சொன்னது நம் எல்லோருக்குமே நலம் பயக்கும்!) வரும் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து, பின்கட்டு அறையை அமைதியிடமாக ஒதுக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறோம். அழைப்பிதழை அத்தகைய வீடுகளுக்கு நாமே நேரில் கொண்டு செல்வோம்.