நெஞ்சில் நீர் கோத்தால் பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்



நம்ம ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் 1986-ல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியை எல்லோரும் அறிவீர்கள். எட்டாத தூரத்து நட்சத்திரத்தின் ஒளியை அளந்து அதன் குணத்தைச் சொல்கிறார்கள். அதே போல, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லில் ஒளியை அளந்து அது நல்லதா கெட்டதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் நெஞ்சு வலிக்கிறது, இருமல் விடவில்லை. "டேனரி தூசிதான், சரியாப் போயிடும்" என்று அவர் சொல்வார். நீங்கள் விடாதீர்கள். நுரையீரலை மூடியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே நீர் கோத்திருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

நீர் கோப்பதற்குக் காரணம் பல: காசநோய், நிமோனியா, இருதயக் கோளாறு, புற்றுநோய். நம் நாட்டில் காசநோய்தான் முக்கியக் காரணம். வயதானவர்களுக்கும் பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும் புற்றுநோய் இருக்குமோ என்றும் பார்க்க வேண்டும். பெண்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும்கூட நெஞ்சில் நீராக வெளிப்படுவதுண்டு.

"ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் வேண்டாம். மரத்துப்போக மருந்து போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி நீரை எடுப்பார்கள். மூச்சுத் திணறலும் குறையும்.

அந்த நீரை முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோயால் கோத்த நீரிலும் 100-க்கு ஏறக்குறைய 60 பேருக்குத்தான் புற்று செல் தென்படும். இன்னொரு சங்கடமும் உண்டு. சவ்வு வீங்கியிருந்தால் நல்ல செல்லே புற்று செல் போலத் தோன்றும். இங்கேதான் டி.என்.ஏ. அளவு உதவுகிறது.

பிள்ளைக்குத் தகப்பன் பங்கு 23, தாய் பங்கு 23, ஆக 46 குரோமோசோம்கள். அவற்றில் உள்ள பொருள்தான் டி.என்.ஏ. அதில் ஒட்டும் சாயத்தைப் போட்டால், டி.என்.ஏ. எவ்வளவோ அவ்வளவு சாயம் ஏறும். கருவி அதை அளக்கும். நல்ல செல்லில் ஒரு படி என்று வையுங்கள்; இரண்டாகப் பிரியப் போகும் செல்லில் இரண்டு படி. புற்று செல்லிலோ பெரும்பாலும் ஒன்றரை, இரண்டரை என்று கணக்குத் தப்பி இருக்கும்.

ஆனால் சில புற்று செல்களில் அளவு சரியாகவே இருக்கும். ஆகையால் இது மற்றப் பரிசோதனைகளுக்குத் துணைதான். இது ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இருக்காது. டாக்டர் மறுபடி நீர் எடுக்கவோ, சதைத் துணுக்கு எடுக்கவோ சொன்னால் மறுக்காதீர்கள்.

காசநோய் என்றால் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் நீர் வற்றவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். திரும்பப் போய்க் காட்டுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் புற்றுநோய் முற்றிவிடும்.

டாக்டரிடம் புருஷன் பெண்சாதி இருவருமே சேர்ந்து போங்கள். ஒருவர் மறைப்பதை மற்றவர் சொல்வார். பழைய எக்ஸ்ரே, சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பீடியை இன்றே விடுங்கள்.

நெஞ்சில் நீரையும் தேங்க விடாதீர்கள், மனசில் சந்தேகத்தையும் தேங்க விடாதீர்கள்.