தண்ணீருக்குள் கிடக்கும் பழைய மஸ்கெலியா

(கிளிவெட்டியில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மூதூருக்கு முன்னால் கங்கைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து வந்தோம். இந்த ஆற்றோடு எங்களுக்குப் பழக்கம் உண்டு. இதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கொத்மலை ஓயாவை மறித்து 1985இல் அணை திறந்தபோது ஊர்களும் வயல்களும் கடதொர விகாரையும் அதற்குள் போயின. ஆனால் இன்று பேச வந்தது களனிப் பக்கத்து மவுசாகலையைப் பற்றி. அதற்குள் கிடப்பது எங்கள் பழைய மஸ்கெலியா டவுன்.

போன வரட்சியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே இறங்கி நடந்தோம். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. சண்முகநாதர் கோயிலின் சுவர், பள்ளிவாசலின் மிச்சம், புத்தர் சிலை எல்லாம் வெளியே தெரிந்தன. எங்களோடு வந்த பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கோயில் வாசலுக்கு வந்துட்டோம்ல" என்றார். எங்கள் கண்ணுக்கு அது வெறும் சேறு. அவருக்கோ அது தெரு. சம்பளத்தன்று அரிசி வாங்கிய கடை, துணிக்கடை, பஸ் நின்ற இடம் என்று விரல் நீட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் தடுமாறினார். படம் பிடிக்க வந்திருந்த பையன்களோடு நின்ற ஒரு முஸ்லிம் பெரியவர், "இல்ல அக்கா, அது எங்க மாமாட கடை" என்று திருத்தினார். பிறகு இருவரும் பேசத் தொடங்கி எங்களை மறந்தே போனார்கள்.

அந்தத் தண்ணீர் கென்யோன், நியூ லக்சபான, பொல்பிட்டிய என்று இறங்கி நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. மேலே லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எத்தனை காலம் எரிந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

அணை வந்தது 1960களில். அப்போது நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையே இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. அந்தத் தெருவில் நடந்தவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். தண்ணீர் வற்றினாலும் அவர்கள் வந்து பார்க்க முடியாது. யாருடைய கடை எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே ஒரு கை விரலுக்குள் வந்துவிட்டார்கள்.

இதைக் கிளிவெட்டியில் ஏன் சொல்கிறோம்? 2006இல் சம்பூரிலிருந்து வந்த சனம் இந்த ஊர் முகாமில்தான் வருடக்கணக்காக இருந்தது. 2015க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் எல்லை வேலியையும் கிணற்றையும் தேடி அலைந்த கதையை உங்களிடமே கேட்டோம். அவர்களுக்காவது கால் வைக்க நிலம் மிஞ்சியது.

ஒரு கொப்பி கொண்டு வந்திருக்கிறோம். உங்களில் சிலர் மலையிலிருந்து இறங்கி இங்கே குடியேறிய குடும்பங்கள். உங்கள் வீட்டுக் கிழவர் கிழவிகள் பழைய மஸ்கெலியாவைக் கண்டிருந்தால், கடைப் பெயர், தோட்டப் பெயர், திருவிழா எந்த மாதம் என்று ஞாபகம் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். பிழையாக இருந்தாலும் எழுதுவோம். அந்தப் பாட்டியைத் திருத்த ஒருவர் வந்ததுபோல வேறொருவர் வந்து திருத்துவார். சாப்பாடு முடியும் வரை கொப்பி வாசல் மேசையில் இருக்கும். எழுத வராதவர்களுக்காகப் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.