கேள்வி கேட்பவர் எதிரி அல்ல!

(காடாம்புலியூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கூடங்குளம் எங்கேயோ திருநெல்வேலி கடற்கரையில இருக்கு. முந்திரிக்காட்டுல உட்கார்ந்திருக்கிற நமக்கு அணு உலையைப் பத்தி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

தோழர்களே, மின்சாரத்துக்கு நிலம் கொடுப்பது என்றால் என்னவென்று நெய்வேலியைச் சுற்றியிருக்கிற நமக்குத் தெரியாதா? 1956-ல் தொடங்கிய நிறுவனம் அது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிர் மேலேயே இயந்திரத்தை இறக்கினார்களே! நிலத்தின் வலி தெரிந்த நமக்கு, கடலின் வலி புரியாமல் போகுமா?

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் உலை வெடித்தது. அந்த ஆண்டே இடிந்தகரையில் மீனவப் பெண்கள் பட்டினிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவங்க கேட்டது மூணே கேள்வி. விபத்து நடந்தா எங்கே போவோம்? கழிவை எங்கே வைப்பீங்க? கடல்ல வெந்நீரை விட்டா மீன் என்ன ஆகும்? இதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? தேசத்துரோக வழக்கு!

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதே தீர்ப்பில் 15 உத்தரவுகள் இருப்பதை யார் சொல்கிறார்கள்? போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்றது நீதிமன்றம். கழிவை நிரந்தரமாக வைக்க ஆழ்நிலக் கிடங்குக்கு வழி பாருங்கள் என்றது. அப்படி ஒரு கிடங்கு இன்றுவரை இந்தியாவில் எங்கும் இல்லை. அப்போ அந்தப் பெண்கள் கேட்ட கேள்வி தப்பா?

"மக்களுக்கு விவரம் போதாது, விளக்கினா ஏத்துக்குவாங்க" என்கிறது அரசு. விவரம் கேட்டதே மக்கள்தானே!

பின்லாந்து நாட்டைப் பாருங்கள். அங்கே அணுக்கழிவுக் கிடங்கு கட்ட வேண்டுமென்றால், அந்த ஊரின் உள்ளாட்சி மன்றம் சம்மதிக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் அரசே நினைத்தாலும் கட்ட முடியாது. சட்டமே அப்படித்தான். மறுக்கும் உரிமை கையில் இருந்ததால், யூராயோகி ஊர் மன்றம் 2000-ல் ஓட்டெடுப்பு நடத்தி, சம்மதித்தது. மறுக்க உரிமை உள்ளவன் தலையாட்டினால்தான் அது சம்மதம். போலீசை நிறுத்தி வாங்குவதற்குப் பெயர் வேறு!

2047-க்குள் 1 லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று ஒன்றிய அரசு இலக்கு வைத்திருக்கிறது. கூடங்குளத்தில் ஓடும் 2 உலைகள் போதாதென்று இன்னும் 4 உலைகள் எழும்புகின்றன.

நாங்கள் மின்சாரத்துக்கு எதிரி அல்ல. நம் கோரிக்கை மூன்றுதான்:

✊ உலையோ சுரங்கமோ, கிராம சபைக்கு மறுக்கும் உரிமை வேண்டும்.

✊ பாதுகாப்பு அறிக்கை முழுவதும் தமிழில் வேண்டும்.

✊ கழிவுக்கு இடம் சொல்லாமல் புது உலை வேண்டாம்.

இடிந்தகரைக்காக நாம பேசுவோம். நமக்காக இடிந்தகரை பேசும்!



#மக்கள்_சம்மதமே_முதல்_அனுமதி