கடாரத்து மண்ணைப் படிக்க யார் விண்ணப்பிப்பது?



‘பட்டப்படிப்புக்குப் பிறகு என்ன?’ என்பது இன்றைய அரங்கின் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் கணக்கியல், பொறியியல், மருந்தியல் என்று மேற்படிப்புகளை அழகாக எடுத்துச் சொன்னார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது தொல்லியலும் செவ்வியல் மொழிகளும். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மண்ணைத் தோண்டவா பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவோம் என்று நினைக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பேசி முடிப்பதற்குள் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிறையிலிருந்தே தொடங்குவோம். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நம்மவர்கள், இந்துக்கள் கிறிஸ்தவர்கள் என்ற வேறுபாடில்லாமல், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறோம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், நேர்த்திக்கடன் செலுத்துகிறோம். அந்தத் தேவாலய வளாகத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. செரோக் தோக் குன் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். தென்னிந்தியாவிலிருந்து வந்த எழுத்து வடிவத்தில், சமஸ்கிருத மொழியில், ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட வரிகள் அதில் உள்ளன. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பார்த்துப் பதிவு செய்தார். எழுத்துகள் தேய்ந்துவிட்டதால் அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள்.

அதே லோ, 1834இல் செபராங் பிறையின் வடபகுதியில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாலுமி தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிச் செதுக்கி வைத்த கல் அது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அந்தக் கல் கல்கத்தாவுக்குப் போய், அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்தது.

இந்தக் கற்களையெல்லாம் ஒன்றுசேர்த்துப் படித்தவர்களில் முக்கியமான ஒருவர் பகதூர் சந்த் சாப்ரா. இந்தியாவிலிருந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனவர். பல்லவர் காலத்தில் இந்தியப் பண்பாடு கடல் கடந்து பரவியது பற்றிப் பேராசிரியர் வோகலிடம் ஆய்வு செய்தார். 1935இல் அந்த ஆய்வு அச்சாகியது. பிற்காலத்தில் அவர் இந்திய அரசின் தலைமைக் கல்வெட்டறிஞராகவும் உயர்ந்தார்.

நம் வீட்டுப் பக்கத்துக் கல்லைப் படிக்க ஒரு மாணவர் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு விண்ணப்பித்துப் போயிருக்கிறார். அதே கல்லுக்கு அருகில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி விண்ணப்பிக்க எண்ணுகிறார்கள்? இதுதான் என் உரையின் மையக் கேள்வி.

நாக்கில் இருக்கும் தகுதி

தொல்லியல், செவ்வியல் துறைகளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பல்கலைக்கழகம் கேட்கக்கூடிய முக்கியமான கேள்விகளில் ஒன்று, ‘உனக்கு என்னென்ன மொழிகள் படிக்கத் தெரியும்?’ என்பது.

பிறையில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பாடத்தில் ஆங்கிலம். பக்கத்து வீட்டு நண்பனிடம் கொஞ்சம் ஹொக்கியனோ மாண்டரினோகூட வந்துவிடும். இதை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கடாரத்தின் வரலாறு எந்தெந்த மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு, ஒரு பகுதி சமஸ்கிருதத்திலும் பெரும்பகுதி தமிழிலும் உள்ளது. மொத்தம் 21 ஏடுகள். அவற்றில் 16 தமிழ். 1862 முதல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் வந்துவிட்டது. 1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்த செய்தி தஞ்சைப் பெரிய கோயிலில் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கெடா வழியாகப் பயணம் செய்த சீனத் துறவி யீஜிங் அதைச் சீன மொழியில் எழுதி வைத்தார். அதே நூற்றாண்டில் சுமத்திராவின் பலெம்பாங்கில் வெட்டப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் மொழி பழைய மலாய். அதன் எழுத்தோ பல்லவ எழுத்து.

தமிழ், மலாய், சீனம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன? வெளிநாட்டு மாணவர் முப்பது வயதில் அகராதியை வைத்துக்கொண்டு தொடங்கும் மொழிகளை நம் பிள்ளை மூன்று வயதிலேயே பேசிவிடுகிறது. இது சொத்து. ஆனால் பேச்சு மட்டும் போதாது. கடையில் பேசும் தமிழை வைத்துச் செப்பேட்டைப் படிக்க முடியாது. பேசுகிற மொழியைப் படிக்கிற மொழியாக மாற்ற வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுப்பதா, தமிழ் இலக்கியம் எடுப்பதா, கூடுதல் பாடம் சுமையாகிவிடாதா என்று வீட்டில் விவாதம் நடக்கும்போது, பெற்றோர்களே, இதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று வாசல்கள்

இந்தத் துறைக்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. எந்த வாசல் என்று தெரியாமல் விண்ணப்பித்தால் கட்டணமும் காலமும் வீணாகும்.

முதல் வாசல் கள ஆய்வுத் தொல்லியல். பாலத்தைத் தாண்டினால் கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே உலகத் தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஆராய்ச்சி வழியிலான முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே உண்டு. 2009 முதல் கெடாவின் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய இடங்களையும் ஆற்றுத்துறை அமைப்புகளையும் தோண்டி வெளிக்கொண்டு வந்தவர்கள் இந்த மையத்தார்தாம். நம் செபராங் பிறையின் குவார் கெப்பா சிப்பி மேட்டில் 2017இல் கிடைத்த புதிய கற்கால எலும்புக்கூட்டை, ‘பினாங்குப் பெண்’ என்று பத்திரிகைகள் எழுதியதை, ஆராய்ந்தவர்களும் அவர்களே. இந்த வாசலுக்கு வரலாறு மட்டுமல்ல, புவியியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களும் வரலாம். மண்ணின் வயதையும் உலோகத்தின் கலவையையும் எலும்பின் உணவையும் சொல்வது அறிவியல்தானே?

இரண்டாவது வாசல் கல்வெட்டும் சுவடியும். தஞ்சாவூரில் 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறையே கல்வெட்டியலில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றை முறையாகப் பழக இவை நல்ல இடங்கள். நம் நாட்டிலேயே மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அடித்தளம் தரும்.

மூன்றாவது வாசல் கிரேக்கமும் இலத்தீனும் படிக்கும் செவ்வியல் துறை. ‘அது வெள்ளைக்காரர் படிப்பு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் கணக்கு, கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் தாளில் இருக்கிறது. வியன்னாவில் உள்ள அது 1985இல்தான் அச்சில் வெளிவந்தது. சங்க இலக்கியம் தெரிந்தவருக்குக் கிரேக்கமும் தெரிந்தால் அந்தத் தாளில் இருபுறமும் தெரியும்.

தனிநாயகம் அடிகளை எண்ணிப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு இலத்தீனும் போர்த்துகீசும் தெரியும். அதனால்தான் 1679இல் அச்சான தமிழ்-போர்த்துகீசு அகராதியை வத்திக்கான் நூலகத்தில் அவரால் அடையாளம் காண முடிந்தது. 1966இல் மலாயாப் பல்கலைக்கழகமே அதை மறுபதிப்பாக வெளியிட்டது.

இந்த மூன்றாவது வாசலில் ஒரு கண்டிப்பு உண்டு. செவ்வியல் முனைவர் படிப்புக்குக் கிரேக்கமும் இலத்தீனும் முன்பே படித்திருக்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன் வாசிப்புத் தேர்வும் பிறகு வரும். நம் ஊரில் அவற்றைப் படிக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே நேராக முனைவர் பட்டத்துக்குப் பாயாமல், மொழிகளை முதலிலிருந்து கற்றுத்தரும் முதுகலைக்கோ, பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு மொழிப் பயிற்சிக்கோ முதலில் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

பெரும்பாலான இடங்களில் கேட்பவை இவை: மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, இரண்டு அல்லது மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், உங்கள் ஆய்வுக் கட்டுரை ஒன்று, ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று விளக்கும் நோக்கவுரை. ஆராய்ச்சிப் படிப்பு என்றால் ஆய்வுத் திட்டமும் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக டிசம்பர், ஜனவரியில் வாசல் சாத்தப்பட்டுவிடும். படிப்புத் தொடங்குவதோ அதற்கடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில்தான்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ‘நல்ல மாணவர், ஒழுக்கமானவர்’ என்று நான்கு வரி எழுதிய கடிதத்தால் பயனில்லை. உங்கள் ஆய்வைப் படித்துப் பார்த்த ஒருவர், அதில் நீங்கள் செய்தது என்ன என்று எழுத வேண்டும். அதற்கு அவரை இரண்டாம் ஆண்டிலேயே தேடிப் போக வேண்டும்.

நோக்கவுரையில்தான் நம் பிள்ளைகள் சறுக்க இடமுண்டு. உணர்ச்சி பொங்க, ‘கடாரம் கொண்டான் வழிவந்தவன் நான், தமிழரின் பெருமையை உலகுக்கு நிலைநாட்டவே இப்படிப்பை நாடுகிறேன்’ என்று தொடங்கத் தோன்றும். மேடையில் இதற்குக் கைதட்டு கிடைக்கும். விண்ணப்பக் குழுவில் கிடைக்காது. ஏனென்றால் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள்.

அவர்கள் தேடுவது கேள்வி. சுங்கை பத்துவில் உருக்கிய இரும்பின் கனிமம் எங்கிருந்து வந்தது? அந்த இடத்தின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறதே, அதைத் தீர்க்க எந்தச் சான்று வேண்டும்? உலையில் வேலை செய்தவர்கள் உள்ளூர் மக்களா, வந்து குடியேறியவர்களா? இப்படி ஒரு கேள்வியை, எந்தப் பொருளை வைத்து, எந்த மொழி அறிவோடு, யாருடைய வழிகாட்டுதலில் ஆராயப் போகிறீர்கள் என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். பெருமை இருந்தால் அது பதிலில் தானே வரும். இல்லையென்றாலும் உண்மை வரும்.

சோறு போடுமா?

இப்போது பின்வரிசை நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படிப்பு சோறு போடுமா?

ஒளிக்காமல் சொல்கிறேன். பணக்காரராக்கும் படிப்பு இதுவல்ல. பல்கலைக்கழக வேலைகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் அருங்காட்சியகத் துறை இருக்கிறது, தேசிய மரபுடைமைத் துறை இருக்கிறது. 2008இல் ஜார்ஜ்டவுனும் 2012இல் லெங்கோங் பள்ளத்தாக்கும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பழைமையைக் காக்கத் தெரிந்தவர்களின் தேவை நம் வட்டாரத்திலேயே உண்டாகியிருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை அடகு வைத்து இந்தத் துறையில் முனைவர் பட்டம் படிக்க வேண்டாம். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் சேர்த்தே இடம் தருகிறார்கள். பிரிட்டனில் முதுகலைக்குச் செவனிங் உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். இந்தியாவில் படிக்க இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகை உண்டு. இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இழந்தது போதும்

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் கொண்ட சண்டி, ஒரு வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டுவிட்ட செய்தி வெளியே வந்தது. நாடெங்கும் கொதித்தோம், அறிக்கை விட்டோம், கண்டனக் கூட்டம் போட்டோம். ஆனால் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று அளந்து, வரைந்து, சட்டப்படி பதிவு செய்யும்படி முன்கூட்டியே வலியுறுத்தப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இடித்த பிறகு எழும் ஆயிரம் குரலைவிட, இடிப்பதற்கு முன் எழுதப்படும் ஒரு நிபுணரின் அறிக்கைக்கு வலிமை அதிகம். அந்த நிபுணர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கு இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் சொந்தமானது. ஆனால் அதன் தமிழ்ச் சான்றுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டாமா?

ஆகவே தம்பி தங்கைகளே, மேற்படிப்பு பற்றி எண்ணுகிறவர்கள் இந்த ஆண்டே மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாளில் மெர்போக் அருங்காட்சியகத்துக்கும் அதன் பக்கத்தில் உள்ள புக்கிட் பத்து பாஹாட் கோயிலுக்கும் போய், குறிப்பேட்டில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு வாருங்கள். கிரந்தமோ வட்டெழுத்தோ, ஒரு பழைய எழுத்தைப் பழகத் தொடங்குங்கள். உங்கள் கேள்விக்கு வழிகாட்டக்கூடிய ஒரு பேராசிரியருக்கு, சுருக்கமாகவும் பணிவாகவும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அனுப்புங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை அந்தக் குறிப்பேட்டோடு வீட்டுக்கு வரும்போது ‘இதனால் என்ன பயன்?’ என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள். ‘என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள்.