கடமையின் உடையில் வரும் சோம்பல்



எழுதவும் வரையவும் பாடல் புனையவும் விழைவோர் பலர், தொடங்குவோர் சிலரே. சோம்பலே காரணம் என்பர். ஆனால் சோம்பல் தன் உருவத்தோடு வந்தால் அதை விரட்டிவிடுவோம். அது கடமையின் உடை உடுத்தி வருகிறது, அதனால் ஏமாந்துபோகிறோம்.

பொழுதில்லை என்பது முதற் சாக்கு. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவல் பார்த்தவர். விடியற்காலை 5-30 மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். தம்மைத் துயிலெழுப்பும் பணியாளுக்கென ஆண்டுக்கு 5 பவுன் தனியே கொடுத்தார். அவர் எழுதிய நாவல்கள் 47.

வயது கடந்துவிட்டது என்பது அடுத்த சாக்கு. 1855-இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஆயினும் எழுதிய அளவே தமிழர்க்குப் பெருஞ்செல்வமாயிற்று.

நன்றாக அமையாதே என்ற அச்சம் மூன்றாவது. குழந்தை முதலில் எழுதும் அகரம் கோணலாகத்தான் இருக்கும். நேராக வரும்வரை எழுதாதே என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்த நானே தவறினேன். என் அன்னையார் சொல்லிவந்த கதைகளைச் சிறுவர்க்குரிய நூலாக்க முப்பது ஆண்டுகள் எண்ணியிருந்தேன். தேர்வு முடியட்டும் என்றேன். மகள் திருமணம் முடியட்டும் என்றேன். பணி ஓய்வு வரட்டும் என்றேன். ஓய்வும் வந்தது. புதிய குறிப்பேட்டுடன் அன்னையாரின் அருகில் அமர்ந்தேன். முதுமையால் அவர் நினைவு மங்கியிருந்தது. “எந்தக் கதையப்பா?” என்று என்னையே வினவினார். நானே ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கும் மறந்துபோயிற்று. அன்று நான் அடைந்த நாணம் சிறிதன்று.

அவர் இப்போது இல்லை. நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் எழுதுகிறேன். நினைவில் எஞ்சியவை ஏழு கதைகள். விடுபட்ட இடங்களை என் கற்பனையால் நிரப்புகிறேன். அன்னையாரின் சுவை அவற்றில் இல்லை, ஆயினும் பேரக்குழந்தைகள், “பிறகு என்ன ஆயிற்று, தாத்தா?” என்று கேட்கிறார்கள். அக்கேள்வி எனக்குப் போதும்.

நல்ல நாளும் அமைதியான அறையும் தாமே வந்து சேரமாட்டா. இப்பேச்சு முடிந்ததும் வானொலியை நிறுத்திவிட்டு ஐந்து வரிகள் எழுதுங்கள். கோணலாக இருப்பினும் குற்றமில்லை, நாளை திருத்திக்கொள்ளலாம். எழுதாததை எவராலும் திருத்த இயலாது.