மீன் தொட்டிக்கு ஃபில்டர் வைப்பது எப்படி?

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை விட்டால் நம் வளாகத்தில் புதிதாக இரண்டு மூன்று வீடுகளிலாவது மீன் தொட்டி வந்துவிடும். கொளத்தூருக்குப் போய் தொட்டி, கூழாங்கல், ஃபில்டர், பத்து மீன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருகிறோம். இரண்டாவது வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். குழந்தையின் அழுகை நிற்க அது உதவலாம். ஆனால் புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அமோனியாதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சமாகிற தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் அதில் அமோனியா இருக்கலாம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். வேறு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்த பாக்டீரியா குடியிருக்கும் இடம்தான் ஃபில்டர். அழுக்கை வடிகட்டுவது அதன் இரண்டாவது வேலை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல்லெல்லாம் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்பும் போதும். பம்ப் தள்ளும் காற்று குழாய்க்குள் குமிழாக மேலே ஏறும்போது, தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் வைத்த ஃபில்டர்தான் வேண்டும் என்றால் மணிக்கு 200 முதல் 250 லிட்டர் தள்ளுவதாகப் பாருங்கள். அதைவிட வேகமாக இருந்தால் கப்பி மாதிரி சின்ன மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்தே களைத்துப்போகும்.

பொருத்தும்போது ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் நாலைந்து முறை பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக பம்புக்குள் இறங்கிவிடும். கீழேதான் இடம் என்றால் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மின் ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைப்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது பொறுமை. கடைக்காரர் யாரும் இதை விற்பதில்லை! மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள். பாக்டீரியா நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சொட்டு மருந்து போல விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். முதலில் மூன்று நான்கு மீன் மட்டும் விடுங்கள். கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும். இந்த அளவுத் தொட்டிக்கு அது வேண்டாம்.

குறுக்கு வழியும் உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போட்டால் காத்திருக்கும் நாள் வெகுவாகக் குறையும். உறை மோர் கேட்பது மாதிரிதான், கூச்சப்பட வேண்டாம்.

ஸ்பாஞ்ச் பழுப்பாகிவிட்டது என்று குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு பாக்டீரியாவும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் போக வேண்டியதில்லை.

இரவில் ஃபில்டரை அணைக்காதீர்கள். பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். 5 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் அந்த லைனிலேயே கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒருநாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டைச் சொன்ன அளவில் விடுங்கள். நம் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் நாட்களில் குளோரின் இன்னும் அதிகமாக இருக்கும். அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: சம்ப் கழுவும் தேதியை முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மீன் வளர்க்கும் வீடுகள் அந்த இரண்டு நாளும் தண்ணீர் மாற்றாமல் இருந்துகொள்ளும்.