லயத்துக் குளிரும் புதிய அடுப்பும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடைபெற்ற அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில் சங்கத்தின் மகளிர் பிரிவுத் தோழியர் ஒருவர் ஆற்றிய உரை)



குளிர் காயும் அடுப்பைப் பற்றி மட்டக்களப்பில் வந்து பேசுகிறாளே என்று சிலர் நினைக்கலாம். இங்கே மாரி மழைக்கும் வாடைக்காற்றுக்கும் ஒரு போர்வை போதும். ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி, இந்த மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு லயத்துக் குளிர் மறந்திருக்காது. அவர்களுடைய சொந்தபந்தங்கள் இன்னும் அந்தக் காம்பராக்களில்தான் இருக்கிறார்கள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. இங்கே மீனவரின் தோணி எஞ்சின் நின்றது. அங்கே லயத்தில் குக்கர் அணைந்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் கத்தியை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனார்கள். இங்கே போனவர்கள் வாவிக்கரையில் கண்ணா மரத்தை வெட்டினார்கள். அந்த வேருக்குள்ளேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. கண்ணாவை எரித்தால் நாளைய கறியையும் சேர்த்து எரிக்கிறோம். 2015இல் நாடு முழுவதும் கண்டல் காடுகளைக் காக்கும் திட்டம் தொடங்கியபோது, கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பதை அதன் முக்கிய பகுதியாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

விறகைக் குறைக்க நம் நாட்டிலேயே ஒரு நல்ல அடுப்பு இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் வந்த அனகி அடுப்பு. குயவர்கள் களிமண்ணில் செய்து சுடுவது. ஒரு வாயில் விறகு வைத்தால் முதல் பானையைச் சூடாக்கிய நெருப்பு இரண்டாவது பானைக்கும் போகும். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும் பங்கு பக்கவாட்டில் சிதறிவிடும். இதில் நெருப்பு மண் சுவருக்குள் அடங்கி நிற்பதால் விறகு மிச்சம். காற்று நன்றாக ஓடும் மட்டக்களப்புக் குசினிக்கு இது பொருத்தமான அடுப்பு. தென்னை மட்டை, சிரட்டை, பொச்சு என்று கைக்குக் கிடைப்பதைக் காய வைத்துச் சின்னத் துண்டாக வைத்தாலே சோறும் கறியும் ஆகிவிடும்.

இதே அடுப்பை மலைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. சனவரி இரவில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. மழையில் நனைந்து கொழுந்து எடுத்துவிட்டு வரும் தாய்க்கு அடுப்பு என்பது சமைப்பதற்கு மட்டும் உரியதல்ல. சேலை காய்வது அதன் பக்கத்தில். பிள்ளை படிப்பது அதன் பக்கத்தில். பச்சைக் குழந்தையோடு தாய் உட்காருவதும் அங்கேதான். நெருப்பை மண்ணுக்குள் மூடினால் விறகு மிஞ்சும், குளிர் விடாது. அப்போது மறுபடியும் மூன்று கல்லைத்தான் தேடுவார்கள். அவர்களுக்கு அறிவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்களுடைய இரண்டு தேவைகளில் ஒன்றை அடுப்பு செய்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று கல்லுக்குத் திரும்பினால் புகையும் திரும்பும். 10க்கு 12 அடிக் காம்பராவில் அந்தப் புகை எங்கே போகும்? வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் அதிக நேரம் இருக்கும் பெண்களும் சிறு பிள்ளைகளும் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே லயத்துக்கு வேண்டியது சூட்டை உள்ளே வைத்துப் புகையை வெளியே அனுப்பும் அடுப்பு. அடுப்பைச் சுற்றிக் கல்லும் களிமண்ணும் வைத்துத் தடிப்பாகக் கட்டினால், மாலையில் எரித்த சூட்டை அந்த மண் பிடித்து வைத்து, நெருப்பு அணைந்த பிறகும் மெதுவாக விடும். பின்பக்கத்தில் புகைக்குழாய் வேண்டும். அது கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். குழாய் மரத்திலோ தகரத்திலோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை அறுக்காதீர்கள், அந்தத் தூளும் நெஞ்சைக் கெடுக்கும். சுவர் வழியாகக் குழாயை வெளியே எடுங்கள். மாதம் ஒரு தடவை குழாய்க்குள் படியும் கரியைத் தட்டி எடுங்கள். கரி பிடித்து எரிந்தால் ஒரு காம்பராவோடு நிற்காது. ஒரே கூரை, முழு லயமும் போய்விடும்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். ஈரமான மிலாறை வைத்தால் சூட்டின் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் கூடும். கவ்வாத்து முடிந்ததும் மிலாறைக் கட்டி, மழை படாத இடத்தில் சில மாதம் அடுக்கி வையுங்கள்.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள். புகை தெரியாத தணலிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும். சுவரில் துளை போட எனக்கு உரிமை இருக்கிறதா? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு ஆணி அடிக்கவும் துரையிடம் கேட்க வேண்டும். அதனால்தான் அடுப்பு, வீட்டுரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி. 7 பேர்ச் காணியில் தனி வீடு கேட்கிறோம். அந்த வீட்டு வரைபடத்தில் புகைக்குழாயோடு குசினி இருக்கிறதா என்று பார்த்துக் கேட்க வேண்டும். தனி வீடு வரும்வரை பழைய லயங்களில் புகைக்குழாய் போட நிர்வாகம் செலவு கொடுக்க வேண்டும். மிலாறும் பட்ட மரமும் தொழிலாளர் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். விறகு அடுக்க லயத்துக்கு ஒரு கொட்டில் வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பியை எடுங்கள். எத்தனை காம்பரா, எத்தனையில் புகை போக வழி இல்லை, எத்தனையில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதுங்கள். எழுதும் வேலையைப் பெண்களிடம் கொடுங்கள், புகையின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கொப்பியோடு நாங்கள் பேச்சுவார்த்தை மேசைக்குப் போவோம். இங்கே வாழும் உறவுகளே, நீங்களும் உங்கள் கரையில் கண்ணாவைக் காக்கும் அடுப்புக் கணக்கைத் தொடங்குங்கள்.